முன்னாடியே எழுதி வெச்சதுதானே?

எங்கள் குழுவின் பாட்டு விளையாட்டைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா உண்மையைச் சொல்லுங்க, முன்னாடியே எழுதி வெச்சதுதானே?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார், முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. "இல்லைங்க, நீங்க தலைப்பு சொன்ன பிறகுதான் யோசிச்சோம்" என்றேன். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த "சரி சரி"யில் நம்பிக்கை இல்லை. நான் சொல்வது பொய் என்று முடிவு செய்து, பெருந்தன்மையாக அதை மன்னித்தும்விட்டார்.

அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை. குழுவில் மற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். எழுதி வைத்ததுபோல் இருந்தது என்றால் அவ்வளவு கச்சிதமாக இருந்தது என்றுதானே பொருள், இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதி, மனப்பாடம் செய்து பாடியது என்று வைத்துக்கொண்டால் நாங்கள் பாடியது ஒரு சுமாரான நகைச்சுவைப் பாட்டு. அதைவிட நன்றாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நமக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதருக்கு இந்த நொடியில் ஒரு வரி தோன்றுகிறது, அதை நாமும் அதே நொடியில் கேட்கிறோம் என்பதுதான் இந்த விளையாட்டு கொடுக்கும் சந்தோஷம். அந்த அன்பர் பாட்டைக் கேட்டார், சிரித்தார், ஆனால் அந்தச் சந்தோஷம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பற்றித்தான் இவ்வளவு காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் துண்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பார்ப்பவர்களிடம் ஒரு தலைப்பு வாங்க வேண்டும். கீபோர்டில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். நான்கு பேர் வரிசையாக நின்று ஆளுக்கு நான்கு வரி பாட வேண்டும், நான்காவது வரியில் சிரிப்பு வர வேண்டும். அதற்கு ஹோடவுன் என்று பெயர். இன்னொன்று உண்டு. அதில் ஆளுக்கு ஒரே ஒரு வரி. நான்கு பேரும் இரண்டு சுற்று வந்தால் எட்டு வரியில் ஒரு கதை முடியும். அங்கே அதை ஐரிஷ் குடிப்பாட்டு என்பார்கள், நாங்கள் வரிக்கு வரி என்கிறோம். எங்களில் பாடகர் என்று யாரும் கிடையாது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவருக்குத்தான் சங்கீதம் தெரியும். சுருதி கொஞ்சம் விலகினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தாளம் விலகினால் சிரிப்பு செத்துவிடும் என்பார் அவர். அது எவ்வளவு உண்மை என்று ஒருமுறை பாடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான்கு வரி, ஒரு பல்

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த பாட்டு இதுதான். தலைப்பு பல் டாக்டர். குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் பாடினார்:

"பல்லு வலின்னு போனேன் காலையில
சொல்லி முடிக்கல, சாய்ச்சுப்புட்டாரு நாற்காலியில
கல்லு உடைக்கிற மெஷினை எடுத்தாரு கையில
நல்ல பல்லைப் புடுங்கிட்டாரு, வலிச்ச பல்லு வாயில!"

நான்காவது வரியின் முதல் பாதியோடு கீபோர்டு நின்றுவிட்டது. "வலிச்ச பல்லு வாயில" என்பது வெறும் குரலில் வந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அண்ணனுக்கு அந்த வரி முன்கூட்டியே தெரியாது. அக்கா "புடுங்கிட்டாரு"வில் இழுத்து மூச்சு வாங்கியதைப் பார்த்து, அடுத்து வருவதற்கு இடம் விட வேண்டும் என்று கையை எடுத்தார், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது ஒத்திகை பார்த்து வைத்த நிறுத்தம்போல் தெரிந்திருக்கும். நான்கு வரிக்கும் முதலில் எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது), கடைசியில் இயைபு (முடிவின் ஒலி ஒத்து வருவது), சிரிப்புக்குச் சரியான இடத்தில் நிறுத்தம். யாராக இருந்தாலும் சந்தேகம் வரும்தான்.

அதை எப்படிச் செய்தார் என்று அப்புறம் கேட்டேன். தலைப்பு காதில் விழுந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது கடைசி வரிதானாம். நல்ல பல்லைப் பிடுங்கிவிடுகிறார், அதுதான் கதை. அந்த வரி "நல்ல" என்று தொடங்குகிறது. நல்ல என்றால் பல்லு, சொல்லி, கல்லு. மூன்று தலைச்சொல் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சொல்லில் ஏறிக்கொண்டு கதையைச் சொல்லிக்கொண்டே போனால் நான்காவது வரிக்கு வந்து சேர்ந்துவிடலாம். கேட்டபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை. யாப்பிலக்கணம் எதையும் படித்தவர் அல்ல அவர். தமிழில் பேசிப் பேசிப் பழகிய காது அவருக்கு அந்த வழியைக் காட்டியிருக்கிறது.

எதுகையா, இயைபா

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் சூத்திரம், கடைசி வரியின் கடைசிச் சொல்லை முதலில் பிடி, அதற்கு ஒலி ஒத்த சொல்லை முந்தைய வரியின் முடிவில் போடு என்பது. அவர்களுக்கு ஓசை ஒப்புமை வரியின் வாலில் இருக்கிறது. ஒரு வரி முடிந்ததும் கேட்பவர்கள் மனதில் ஒரு பந்தயம் தொடங்கிவிடும். அடுத்த வரி எந்தச் சொல்லில் முடியும், நான் முந்துகிறேனா, பாடுகிறவர் முந்துகிறாரா? அந்தச் சொல் வந்து விழும்போது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வருகிறது. வராமல் போனாலும் சிரிப்புதான்.

நாங்கள் ஆரம்பத்தில் அப்படியே செய்து பார்த்தோம். உப்புச்சப்பில்லாமல் இருந்தது. காரணம் பிடிபடச் சில காலம் ஆயிற்று. தமிழில் வரியின் முடிவில் வினைச்சொல் வந்து நிற்கிறது. வந்தான், போனான், நின்றான், விழுந்தான் என்று இயைபு சும்மாவே கிடைத்துவிடும். பேச்சு வழக்கில் பாடினால் இன்னும் சுலபம், எல்லாம் "ல"விலோ "ச்சு"விலோ முடிந்துவிடும். சும்மா கிடைப்பதற்கு யார் காத்திருப்பார்கள்? பாடுகிறவர் தப்பிப்பாரா மாட்டாரா என்ற பதைப்பு கேட்பவர்களுக்கு வரவே இல்லை. எதுகைக்கு மாறிய பிறகு பாடுவதற்குச் சுகமாக இருந்தது. தலைச்சொல் கிடைத்துவிட்டால் வரி தானாக ஓடும். ஆனால் அதிலும் பந்தயம் இல்லை. "சொல்லி" என்று வரி தொடங்கும்போதே எதுகை வந்து முடிந்துவிட்டது. மீதி வரிக்கு ஒலியால் எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

அப்படியென்றால் தமிழில் கேட்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? என் பதில், பொருளுக்காக. ஒரு காரியம் நடந்ததா இல்லையா என்பதை நம் மொழி வரியின் கடைசி அசை வரைக்கும் மூடி வைத்திருக்கிறது. "டாக்டர் என் பல்லைப் பார்த்து..." என்று எவ்வளவு நேரம் இழுத்தாலும் சிரித்தாரா, சிரிக்கவில்லையா என்பது கடைசியில்தான் தெரியும். பந்தயம் அங்கே இருக்கிறது. எதுகை பாடுகிறவருக்குப் பிடிமானம், கடைசி வினை கேட்கிறவருக்குப் பரபரப்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்த நாட்களில்தான் எங்கள் பாட்டு நன்றாக வந்திருக்கிறது. தமிழில் இந்த விளையாட்டை ஆட நினைக்கும் யாருக்கும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். மெட்டை வாங்கிக்கொள்ளலாம், சூத்திரத்தை அப்படியே வாங்கினால் ஒட்டாது.

நோட்டுப் புத்தகம்

குழுவில் ஒரு தம்பி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் எதுகைப் பட்டியல். பட்டு, கட்டு, விட்டு, தொட்டு என்று பக்கம் பக்கமாக. பின்பக்கத்தில் கடைசி வரிகள். எந்தத் தலைப்பு வந்தாலும் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தக்கூடிய முடிவுகள். "கடைசியில பார்த்தா அது என் சொந்த வீடு" என்பது மாதிரி. வேலை, பயணம், நாய், திருடன் எது வந்தாலும் அந்த வரி பொருந்திவிடும். சிரிப்பும் வரும்.

இதைப் பற்றிக் குழுவில் பெரிய விவாதமே நடந்தது. கீபோர்டு அண்ணன் தம்பியின் கட்சி. ராகம் தெரியாமல், சொற்கட்டு பழகாமல் யாரும் மேடையில் கற்பனை செய்வதில்லை, பயிற்சி இல்லாத கற்பனை வெறும் உளறல் என்றார். அதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். எதுகைப் பட்டியலை எழுதிப் பழகுவது சங்கீதக்காரர்கள் செய்யும் சாதகம் மாதிரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. பின்பக்கம்தான் எனக்கு உறுத்தியது. முடிவை முன்கூட்டியே வைத்திருப்பவர் மற்ற மூவர் பாடும்போது கேட்பதில்லை. அவர் கண் தரையில் இருக்கும், உதடு லேசாக அசையும். தன் வரியை உருப்போட்டுக்கொண்டிருப்பார். முதல் ஆள் பாட்டில் ஒரு நாயைக் கொண்டுவந்திருப்பார், இரண்டாம் ஆள் அந்த நாய்க்கு ஒரு பெயர்கூட வைத்திருப்பார். நான்காவதாக வருகிறவர் பாட்டில் நாயே இருக்காது. வரி கச்சிதமாக இருக்கும், அது எங்கோ வேறு இடத்திலிருந்து வந்தது என்று அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆனால் தெரியும்.

இதற்கு மூளையிலேயே ஒரு சாடை இருக்கிறது. சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜாஸ் பியானோ வாசிக்கும் 6 பேரை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, மடியில் ஒரு சிறிய கீபோர்டைக் கொடுத்து, மனப்பாடமான இசையையும் அந்த நேரத்தில் கற்பனை செய்யும் இசையையும் வாசிக்கச் சொன்னார்கள். கற்பனையாக வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மூளையின் முன்புறத்துப் பக்கவாட்டுப் பகுதி அடங்கியிருந்தது. மனப்பாடத்தை வாசித்தபோது அப்படி இல்லை. 6 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். என்றாலும் தரையைப் பார்த்து உதடு அசைக்கும் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. காவல்காரர் விழித்திருக்கிறார், அது முகத்திலேயே தெரிகிறது.

நம் மரபுக்கும் இந்தச் சந்தேகம் புதிதில்லை. நினைத்த மாத்திரத்தில் பாடுவதை ஆசுகவி என்று நால்வகைக் கவியில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். காளமேகப் புலவரைச் செருப்பில் தொடங்கி விளக்குமாறில் முடிக்கச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு கோணல் நிபந்தனை எதற்கு? முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வழியே இல்லாத ஒன்றைக் கேட்பதற்குத்தான். கேட்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். புலவர் பையில் கைவிடாதபடி பையைக் கட்டிவிட்டுத்தான் பாடச் சொல்கிறார்கள்.

நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். தலைப்பை ஒருவரிடம், முடியும் சொல்லை இன்னொருவரிடம் வாங்கினோம். பாட்டு நன்றாகத்தான் வந்தது. சந்தேகம் மட்டும் தீரவில்லை. சொல் கொடுத்தவரே உங்கள் ஆள்தானே என்றார்கள். தொலைக்காட்சி பழக்கிய கண்ணும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த நிகழ்ச்சிகளில் ஒளிபரப்பாவதைவிட அதிகமாகப் பதிவு செய்து, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவார்கள். நாம் பார்ப்பது தேறியதை மட்டும். 'ஹூஸ் லைன்' நிகழ்ச்சியில் ஹோடவுனைத் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொல்லும் நகைச்சுவை நடிகர் ரயன் ஸ்டைல்ஸ் பெரும்பாலும் கடைசி ஆளாக நிற்பார். எனக்கு அவர் பாடிய வரிகள்தான் ரொம்பப் பிடிக்கும். அந்த முகத்தில் இந்த வரியிலிருந்து எப்படி மீளப் போகிறோம் என்ற கவலை அப்பட்டமாகத் தெரியும். அந்தக் கவலையை வெட்டாமல் விட்டதால்தான் அவரை நம்புகிறோம்.

கதவு

பிறகு ஒரு நாள் வரிக்கு வரி ஆடினோம். தலைப்பு, லிஃப்டில் மாட்டிக்கொள்வது. முதலில் நான், இரண்டாவது அக்கா, மூன்றாவது நோட்டுப் புத்தகத் தம்பி. நான்காவதாகக் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர். வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதிகம் பேச மாட்டார், சார் என்று கூப்பிடுவோம். பயிற்சியில் கைதட்டித் தாளம் போட்டிருக்கிறாரே தவிர, ஆட்கள் முன்னால் பாடியதில்லை.

முதல் மூன்று வரி சிக்கல் இல்லாமல் போயிற்று.

"ஏழாம் மாடிக்குப் போகணும்னு ஏறினேன் லிஃப்டுல
ஆளு யாரும் இல்ல, ஒரு ஃபேனு மட்டும் உள்ள
பாதியில நின்னுடுச்சு, பட்டன் எதுவும் எரியல"

சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மெட்டு ஒரு சுற்று வந்தது. அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் அதே நாலு தட்டைத் திரும்ப வாசித்தார். இன்னொரு சுற்று. சாரின் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அது மட்டும் நிற்கவில்லை. கண் எங்களைத் தாண்டி அறையின் மறுகோடியில் இருந்த வாசலுக்குப் போயிற்று. "கதவு..." என்றார். அடுத்த தட்டு போயிற்று. "கதவு..." மறுபடியும். அப்புறம் தாளத்தில் சரியாக வந்து, "கதவு திறக்கல" என்று பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

யாரோ ஒருவர் சிரித்தார். வரி என்று பார்த்தால் அதில் எதுவும் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கதவு திறக்காது, யாருக்கும் தெரிந்ததுதான். நான் அடுத்த வரிக்கு வாயெடுப்பதற்குள் அண்ணன் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதையே பிடிங்க" என்றார். ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து ஒரு சொல் போட்டுத் தள்ளிவிடுவது, சிகாகோவில் குழந்தைகளுக்கு நாடக விளையாட்டுகளை உருவாக்கிய வயோலா ஸ்போலின் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம். ஆனால் இவ்வளவு சரியான நேரத்தில் அதை நான் கேட்டதில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"அவசர மணிய அழுத்தி அழுத்தி விரலு தேஞ்சது, கதவு திறக்கல"

அக்காவுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா?

"வாட்ச்மேன் வந்து வெளிய நின்னு நலமான்னு கேட்டாரு, கதவு திறக்கல"

தம்பியின் முறை வந்தபோது அவர் கண் தரையில் இல்லை. நோட்டின் எந்தப் பக்கத்திலும் "கதவு திறக்கல"வுக்கு வரி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாரைப் பார்த்துக்கொண்டே பாடினார்:

"வாடகை கேட்டு ஓனர் வந்தாரு, வாசல்லயே ரசீது தந்தாரு..."

அவர் முடிக்கவில்லை, முடிக்க வேண்டியதும் இல்லை. பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் "கதவு திறக்கல!" என்று பாடினார்கள். எட்டாவது வரி சாருடையது. இந்த முறை மெட்டு காத்திருக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

"கதவு திறந்துச்சு! பழகிப் போச்சு, நான்தான் இறங்கல!"

அப்போது எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. பல் டாக்டர் பாட்டுக்கும் பலமாகத்தான் சிரித்தார்கள். இது வேறு. இந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த மனிதர் மாட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் மாட்டிக்கொண்டதே பாட்டின் பல்லவி ஆனதையும் பார்த்தார்கள். ஏழாவது வரியை அவர்களே பாடினார்கள். எட்டாவது வரியில் "இறங்கல" என்ற ஒரே ஒரு வினை கதையைத் தலைகீழாக்கியபோது, அது எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு யாரும் என்னிடம் வந்து எழுதி வைத்ததா என்று கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் சாரைத்தான் தேடிப் போனார்கள்.

1977-இல் கனடாவின் கால்கரியில் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி வடிவத்தைத் தொடங்கிய கீத் ஜான்ஸ்டன் தன் மாணவர்களுக்கு விடாமல் சொன்னது ஒன்று உண்டு. புத்திசாலித்தனமாக எதையாவது தேடாதே, உனக்குக் கண்ணெதிரே தெரிவதைச் சொல் என்பது. கேட்டபோதெல்லாம் அது கூச்சப்படுகிறவர்களைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அது தொழில்நுட்பம். சாருக்குக் கண்ணெதிரே தெரிந்தது ஒரு கதவு. அதைச் சொன்னார். அதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லாததால்தான் மற்ற மூன்று பேரும் அதில் கைவைக்க முடிந்தது. பல் டாக்டர் பாட்டில் கைவைக்க இடமே இல்லை. நான்கு பக்கமும் அடைத்த பாட்டு அது. கேட்டு ரசிக்கலாம், உள்ளே போக முடியாது.

மூன்றாவது ஆள்

இதனால் அக்காவின் பாட்டு குறைந்தது என்று சொல்ல வரவில்லை. அது பொக்கிஷம், இன்றைக்கும் தனியாக இருக்கும்போது முணுமுணுப்பேன். அந்த அன்பருக்குக் கிடைக்காமல் போனது எது என்றுதான் இப்போது எனக்குத் தெளிவாகியிருக்கிறது. பல் டாக்டர் பாட்டு அன்றைக்கு நான்கு பேரும் தனித்தனியாக நன்றாகப் பாடினோம். ஒருவர் வரியை இன்னொருவர் தொடவே இல்லை. ஒருவருடைய வரி இன்னொருவரை மாற்றுவதைப் பார்த்தால்தான் கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரும். கீபோர்டு நின்ற அந்த ஒரு இடத்தில் மட்டும் அது நடந்தது, ஆனால் அவ்வளவு வழுக்கலாக நடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அதிலிருந்து வரிக்கு வரி ஆட்டத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது மூன்றாவது ஆள்தான். சிரிப்பு நான்காவது ஆளுக்குப் போகும் என்பதால் எல்லோருக்கும் அந்த இடத்தின் மேல் ஆசை. மூன்றாவது வரி எப்படி முடிகிறது என்பதில்தான் நான்காவது ஆளின் பிழைப்பு இருக்கிறது. "பட்டன் எதுவும் எரியல" என்பது நல்ல வரிதான், ஆனால் அது ஒரு சங்கதியைச் சொல்லி மூடிவிடுகிறது. "வாசல்லயே ரசீது தந்தாரு" என்று இழுத்து விட்டது கதவைத் திறந்து வைக்கிறது. இரண்டையும் பாடியது அதே தம்பி, அதே பாட்டில். நடுவில் மாறியது ஒன்றுதான், இரண்டாவது முறை அவர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு பாடினார். நோட்டை அவர் தூக்கிப் போடவில்லை, போடச் சொல்லவும் மாட்டேன். பின்பக்கத்தில் கடைசி வரிகள் இருந்த இடத்தில் இப்போது மூன்றாம் வரிகளை எழுதிப் பழகுகிறார். "அந்தப் பெட்டியத் தொறந்து பார்த்தா...", "நான் கேட்டதுக்கு அவரு சொன்னாரு..." என்று எல்லாம் அந்தரத்தில் நிற்கும் வரிகள்.

இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் மாட்டிக்கொண்டால் மெட்டு எத்தனை சுற்று காத்திருக்கலாம்? அண்ணன் இரண்டு என்கிறார். அதற்கு மேல் போனால் பார்ப்பவர்களுக்குப் பாவமாகிவிடும், பாவம் வந்தால் சிரிப்பு வராது, மூன்றாவது சுற்றில் நான் அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன் என்கிறார். மேடை அனுபவம் அவருக்குத்தான் அதிகம். ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எண்ணிக்கை வைத்துவிட்டால் பாடுகிறவர் வரியைத் தேட மாட்டார், சுற்றைத்தான் எண்ணுவார். கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் காத்திருக்கலாம், கை நின்றுவிட்டால் நகர்ந்துவிடலாம் என்பது என் கட்சி. அக்காவும் சாரும் என் பக்கம், தம்பி அண்ணன் பக்கம். அடுத்த முறை பார்வையாளர்களை வைத்துக்கொண்டே இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.